மூன்று அறையில் இருபத்து மூன்று பேர்

சால்ட் ரிவர்,
கேப் டவுன்.
பிப்ரவரி 11.

அன்புத் தங்கச்சி சிஃபாவுக்கு,

பக்கத்து வீட்டு ருகாயா அக்கா எழுதுவது. நீ, ஜோசுவே, பிள்ளைகள் நூரு, குட்டி ஏலி, ஜோசுவேயின் தம்பி பஹாத்தி எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தொழுது முடித்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். நாங்கள் கிழவனும் கிழவியுமாக இருக்கிறோம். இக்சானுக்கு மூச்சிரைப்பு முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மழைக்காலம் முடிந்து தென்கிழக்குக் காற்று வந்துவிட்டது. காயப்போட்ட துணியை ஸ்டேஷன் பக்கம் போய்த்தான் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

உன் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். ஸ்டேஷன் வாசலில் உன்னோடு காசுக்குச் சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்த கிளாரிஸ் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை. "இத்தன நாள் கேக்காம இப்ப எதுக்கு?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். போர்ட் எலிசபெத் போன பிறகு நீ ஒன்பது தடவை கூப்பிட்டாய். நான்தான் எடுக்கவில்லை. என் போன் கெட்டுப்போனது என்று அவளிடம் சொல்லி அனுப்பியது பொய்.

ஏன் எடுக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உறைக்குள் இரண்டு காகிதங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று நீ கையெழுத்துப் போட வேண்டியது. நீ போட்டால் உங்களுக்கு இந்தத் தெருவிலேயே மறுபடி ஓர் இடம் கிடைக்க வழியிருக்கிறது. இன்னொன்று ஏற்கெனவே ஒருவர் கையெழுத்துப் போட்டது. நான்காக மடித்து வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் அதைப் பிரிக்காதே, கேட்டாயா. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. கசப்பு மருந்து குடிக்க வேண்டுமென்றால் முதலில் வீடு முழுக்கப் பெருக்கி முடித்துவிட்டுத்தான் குடிப்பேன். தெருக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கசாப்புக் கடை இருந்த இடத்தில் காப்பிக் கடை வந்திருக்கிறது. இறைச்சி மாட்டுகிற கொக்கிகளைக் கழற்றவில்லை, அதில் செடித் தொட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கே கூசிஸ்டர் விற்கிறார்கள், சிஃபா! ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஜன்னல் வழியே விற்கிற அதே கூசிஸ்டர். ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலும் போட்டுப் பொரித்து, பாகில் முக்கி, தேங்காய்ப்பூவில் புரட்டுவது. பெயர்தான் வேறு. 'கேப் மசாலா டோனட்' என்று பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள். இக்சான் ஆசைப்பட்டு ஒன்று வாங்கித் தின்றார். "பேரு மட்டும்தான் வெந்திருக்கு, உள்ள மாவு பச்சையா இருக்கு" என்று வந்து சொன்னார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உன் வீட்டைப் பற்றி நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டார்கள். மேலே இரண்டு மாடி எழுப்பப் போகிறார்களாம். முன்னால் ஒரு பெரிய விளம்பரத் தட்டி நிற்கிறது. 'வேகமாக வளர்ந்து வரும் பகுதி. பல பண்பாடுகள் கலந்த உயிர்த்துடிப்பான தெரு. புத்துயிர் பெறும் வீடு.' இக்சான் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "அப்ப முப்பத்தாறு வருஷமா நாம இங்க செத்தா கிடந்தோம்?" என்று தட்டியைப் பார்த்தே கேட்டார். பக்கச் சுவரில் ஓர் ஓவியனை விட்டு ஆளுயரத்துக்கு மூன்று மடங்கில் ஒரு கறுப்புப் பெண்ணை வரைந்து வைத்திருக்கிறார்கள். பின்னல் பின்னலாகச் சடை, கண்ணை மூடிச் சிரிக்கிறாள். வெளியூர்க்காரர்கள் அவளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் குப்பை கொட்டப் போகும்போது அவளைப் பார்க்காமல் போகப் பார்க்கிறேன். முடிவதில்லை.

முந்தின வருஷம் என் மணிக்கட்டு முறிந்தபோது ஆறு வாரம் நீதான் எனக்குத் தலை குளிப்பாட்டிவிட்டாய். என் மருமகளுக்குக்கூட என் தலைத் துணியை அவிழ்த்துக் காட்டியதில்லை. உன் அடுப்படியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தேன். நீ விரலால் சிக்கெடுத்துக்கொண்டே, "அக்கா, உள்ள இருக்கிற யோசனையெல்லாம் வெளிய வந்து முடிச்சுப் போட்டுக்குது" என்பாய். எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி மிட்செல்ஸ் பிளெய்னில் இருக்கிறாள். அவள் கை இப்படி என் தலையில் பட்டதில்லை. இதை உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நம் தெருப் பெண்கள் உங்களை எப்படிச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். "ஆப்பிரிக்காலேருந்து வந்தவங்க." அதை முதல் முறை கேட்டபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அப்ப நீங்கள்லாம் எங்க இருக்கீங்கக்கா? கேப் டவுன் கடல்ல மிதக்குதா?" என்று கேட்டாய். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அதுவரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சிஃபா. எங்கள் கலப்பு நிறத்துக்கு அந்தக் காலத்து அரசாங்கம் ஒரு பெயர் வைத்தது. வெள்ளைக்காரர்களுக்குப் பல படி கீழே, கறுப்பர்களுக்கு ஒரே ஒரு படி மேலே. அந்த அரசாங்கம் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த ஒரு படியை விட்டு இறங்க மட்டும் எங்களுக்கு மனசு வரவில்லை.

எதிர் வரிசை நீலக் கதவு பிலிப்பாவை ஞாபகம் இருக்கும். இரண்டு நாய்கள் வைத்திருப்பாளே, வெள்ளைக்காரி. கெட்டவள் இல்லை. இக்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது சூப் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயில் வராது. புதிதாக வந்தவர்கள் யாருமே நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தெருவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தெருவின் பாதுகாப்பு, தெருவின் சூழல், தெருவின் எதிர்காலம். நானும் அவளோடு பேசப் பேச அப்படியே பேசக் கற்றுக்கொண்டேன். பேசினால் பெரிய மனுஷி மாதிரி இருக்கும்.

சரி, இனிமேல் பெருக்குவதற்கு வீட்டில் இடமில்லை. சொல்லிவிடுகிறேன்.

உன் அடுப்படிக் கழிவுநீர்க் குழாய் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஒழுகிக்கொண்டிருந்தது அல்லவா? நீயும் வாடகை வாங்குகிற வீட்டுக்காரனிடம் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனாய். எங்கள் படுக்கையறைச் சுவர் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டது. சுவர் காயாவிட்டால் இக்சானின் நெஞ்சு தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டட அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தேன். "குழாயா? அது வீட்டுக்காரர் பாடும்மா" என்று நான்கு தடவையும் ஒரே பதில்.

ஒரு நாள் பிலிப்பாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் உடனே கம்ப்யூட்டரைத் திறந்தாள். "குழாய்னு எழுதினா யாரும் வரமாட்டாங்க, ருகாயா. பிரச்சினைக் கட்டடம்னு எழுதணும். அந்த வார்த்தைக்கு அவங்க வந்தே ஆகணும்" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் படிவத்தை நிரப்பினாள். எந்த நாட்டினர்? காங்கோ என்றேன். வீட்டில் வியாபாரம் நடக்கிறதா? சில சமயம் சடை பின்னுவாள் என்றேன். எத்தனை பேர் வசிக்கிறார்கள்? ஐந்து என்றேன். அவள் விரல் நின்றது. "அஞ்சு பேர்னா அது ஒரு குடும்பம்தானே?" என்று என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் சொன்னேன், சிஃபா. இருபத்து மூன்று என்று நான்தான் சொன்னேன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் ஊர் புகாவுவில் உன் அம்மா தவறிய செய்தி வந்த அன்று உன் சபைக்காரர்கள் எல்லோரும் வந்து தரையில் உட்கார்ந்து பாடினார்கள். நான் ஆட்டிறைச்சியும் தக்காளியும் போட்ட குழம்பு பெரிய சட்டியில் வைத்துச் சோற்றோடு கொண்டுவந்தேன். உன் வீட்டில் தட்டு போதவில்லை. என் வீட்டுத் தட்டுகளையும் எடுத்துவந்து நானே பரிமாறினேன். மொத்தம் இருபத்து மூன்று தட்டு. உன் அம்மாவுக்காக அழ வந்தவர்களை எண்ணி, குடியிருக்கிறவர்கள் என்று எழுதக் கொடுத்தேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது அந்த மடித்த காகிதத்தைப் பிரி. 'மூன்று அறையில் இருபத்து மூன்று பேர். அனைவரும் வெளிநாட்டவர். வருகிறவர்கள் போகிறவர்கள் யார் என்றே தெரிவதில்லை. அவர்களால் தெருவின் பாதுகாப்பு கெடுகிறது. அக்கம்பக்கத்தார் அவர்களுக்குப் பயந்து வாழ்கிறார்கள்.' கீழே இருப்பது என் கையெழுத்து. குழாயைப் பற்றியும் ஒரு வரி சேர் என்று பிலிப்பாவிடம் கேட்டேன். அதற்குக் கட்டம் இல்லை என்றாள். பிறகு எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். கேட்கும்போது யாரோ பொல்லாதவர்களைப் பற்றிய மாதிரி இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்திலா குடியிருக்கிறோம் என்று எனக்கே பயம் வந்தது, நம்புவாயா? உன் பெயர் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை. 'அவர்கள், அவர்கள்' என்றே போகிறது. 'சிஃபா' என்று ஒரே ஓர் இடத்தில் இருந்திருந்தால் என் கை ஓடியிருக்காது.

நான்காம் நாளே கட்டட அலுவலகத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். உன் துக்கத்துக்கு யாரோ இரவல் கொடுத்த பாய்கள் மூலையில் சுருட்டிக் கிடந்தன. அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். நீ என்னிடம்தான் ஓடி வந்தாய். "நாங்க அஞ்சு பேருதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா நம்புவாங்க" என்றாய். "சொல்றேன், சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. வீட்டுக்காரனும் உங்களுக்காக வாயைத் திறக்கவில்லை. கம்பெனி அவனிடம் விலை பேசி முடித்திருந்தது. காலி செய்ய வேண்டிய செவ்வாய்க்கிழமை, தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நான் மிட்செல்ஸ் பிளெய்ன் போய்விட்டேன். அவளுக்கு ஒன்றுமே இல்லை. அன்று முழுக்க நாங்கள் இருவரும் மாங்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டாய். "யாரோ எழுதிப் போட்டிருக்காங்கக்கா. எங்க மேல யாருக்கு என்ன கோவம்?" என்று அழுதாய். "எழுதினவ கை விளங்காமப் போகட்டும்" என்று நான் சாபம் கொடுத்தேன். என் விரலிடுக்கில் மிளகாய் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு உன் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். போன மாதம் ஒன்று நடந்தது. இக்சான் பள்ளிவாசலிலிருந்து வருகிற வழியில் மூச்சு வாங்கினால் காப்பிக் கடை மூலையில் பால் பெட்டியைக் கவிழ்த்து உட்காருவார். அன்று காற்றுக்குத் தலையை மூடியிருந்தார். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய முதுகை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். போட்டது யார் என்று பார்த்தால் பிலிப்பா. 'மூலையில் ஓர் ஆள் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார். யாருக்காவது தெரியுமா? எல்லோரும் கவனமாக இருங்கள்.' கீழே பதினான்கு பேர் பதில் எழுதியிருந்தார்கள். போலீஸைக் கூப்பிடச் சொல்லி இரண்டு பேர். தன் கையால் சூப் கொடுத்த மனுஷனை அவளுக்கு முதுகுப் பக்கத்திலிருந்து அடையாளம் தெரியவில்லை. இக்சான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "பரவால்ல, கிழவனுக்கு இன்னும் கூன் விழல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஓர் ஆள்' என்கிற வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. டீயை வைத்தால் குடித்துவிட்டுக் கோப்பையை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். முப்பத்தாறு வருஷத்தில் இவ்வளவு பெரிய கோபத்தை நான் பார்த்ததில்லை. நான்காம் நாள் தானாகவே வந்து உட்கார்ந்தார். அவர் பிறந்தது டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில், அந்தக் காலத்து அரசாங்கம் வெள்ளைக்காரர்களுக்கென்று காலி செய்து இடித்த இடம், தெரியுமா? "எங்க வீட்டையும் இப்படித்தான் தலைய எண்ணிட்டுப் போயி சேரின்னு எழுதினான். எனக்கு எட்டு வயசு. தலைக்கு ஒண்ணுன்னு கதவுல சாக்பீஸ்ல கோடு கிழிச்சிட்டுப் போனான். எங்கம்மா ஈரத் துணியால அத அழிச்சிட்டே இருந்தா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எழுதினத நீதான் போயி அழிக்கணும், ருகாயா" என்றார்.

சிபோகாஸி என்று ஒரு வக்கீல் பெண் இருக்கிறாள். காலி செய்யப்பட்ட குடும்பங்களுக்காக இலவசமாக வாதாடுகிறாள். அவளிடம் போனேன். உன் வீட்டைப் பிரச்சினைக் கட்டடம் என்று முடிவு செய்ததே இந்த ஒரு புகாரை வைத்துத்தானாம். புகார் பொய் என்று தெரிந்தால் முடிவும் செல்லாதாம். புதிதாகக் கட்டுகிற வீட்டில் பழைய வாடகைக்கே உங்களுக்கு இடம் கேட்கலாம் என்கிறாள். மார்ச் 19 விசாரணை. நான் நேரில் வந்து பொய் சொன்னதை ஒத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வார்த்தை மட்டும் போதாதாம். குடியிருந்தவர்கள் ஐந்து பேர்தான் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவளே ஒரு வழியும் சொன்னாள். புகார் கொடுத்தவர் பெயரைக் கறுப்பு மை பூசி மறைத்துத்தான் உனக்கு அனுப்புவார்களாம். "அவங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லம்மா" என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீ காறித் துப்புவாய். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். உனக்கு நல்லதும் செய்தாயிற்று, உன் அக்காவாகவும் இருந்துகொள்ளலாம். பிறகு, நீ திரும்பி வந்து மறுபடி என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையைத் தொட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். மை பூசாத காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் புருஷன் முதுகைப் படம் எடுத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்ததா என்று நீ கேட்கலாம். ஆமாம், அதற்கு முன்னால் வரவில்லை. அதை மறைத்து நல்லவள் மாதிரி எழுத எனக்கு இஷ்டமில்லை.

சிஃபா, கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிவிடு. என்னை மன்னித்துத்தான் போட வேண்டும் என்றில்லை. திட்டிக்கொண்டே போடு, அழுதுகொண்டே போடு, என் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போடு. நூருவின் படிப்பு தடைபடாமல் நடக்கட்டும். ஏலியின் இருமல் நிற்கட்டும். உன் வீட்டுக்கு வந்து போகிற தலைகளை எண்ணுகிற உரிமையை அல்லாஹ் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும்.

அக்கா என்று கீழே போட்டுக்கொள்ளலாமா என்று தெரியாமல்,
ருகாயா கமீல்தீன்


போர்ட் எலிசபெத்.
மார்ச் 2.

ருகாயா அக்காவுக்கு,

சிஃபா எழுதுவது. உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நீங்கள் சொன்னபடி நான் கேட்கவில்லை. மடித்திருந்த காகிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். அதனால் உங்கள் கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் உங்கள் கடிதத்தை நான் தொடவில்லை.

ஜோசுவேதான் அதை எடுத்து எனக்கு வாசித்தார். துக்கத்துக்கு வந்தவர்களை எண்ணியதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். மீதியை நானே படித்தேன். எனக்குக் கோபம் வந்தது, அக்கா. இன்னும் போகவில்லை. வீடு போனதைவிடப் பெரிய கோபம் வேறொன்றில் இருக்கிறது. இங்கே பக்கத்து வீட்டுப் பெண் நல்லவள். வேலி ஓரம் நின்று சிரித்துப் பேசுவாள், ஏலிக்கு ரொட்டி கொடுப்பாள். அவள் சிரித்தால் எனக்கு உள்ளே பயமாக இருக்கிறது. சபைக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டால் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுகிறேன். நான் அப்படி இருந்தவள் இல்லை, உங்களுக்குத் தெரியும்.

ஜோசுவேக்கு இங்கே வண்டி நிறுத்துகிற இடத்தில் காவல் வேலை கிடைத்திருக்கிறது. பஹாத்தி தையல் பட்டறையில் இருக்கிறான். சுவரில் வரைந்திருக்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னதும் அவன், "அவகிட்டயும் வாடகை வாங்குறாங்களான்னு கேளுங்க அண்ணி" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் கொஞ்சம் அழுதேன். இக்சான் அண்ணனின் முதுகைப் படம் எடுத்ததைக் கேட்டு நூரு அழுதாள். அவர் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். காகிதத்தை நேராக வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தத் தெருவுக்குத் திரும்பி வருவேனா என்று தெரியாது. வரலாம் என்கிற உரிமை மட்டும் எனக்கு வேண்டும்.

குடியிருந்த ஐந்து பேரின் பெயர் போதும் என்று வக்கீல் போனில் சொன்னார். நான் அன்று துக்கத்துக்கு வந்த எல்லோருடைய பெயரையும் எழுதினேன். என் அம்மாவுக்காக எழுந்து வந்தவர்களை யாரும் 'அவர்கள்' என்று சொல்ல விட மாட்டேன். யார் எந்த ஊர், என்ன வேலை, யாருக்கு யார் உறவு என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டு பேருடைய பெயர் நினைவு வரவில்லை. கிளாரிஸைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். எங்கள் ஐந்து பேரையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். இருபத்து நான்கு வந்தது. தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன். அப்போதும் இருபத்து நான்கு.

பிறகுதான் புரிந்தது. நீங்கள் தட்டைத்தான் எண்ணினீர்கள். இருபத்து நான்காவது ஆள் நீங்கள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பாட்டு முடிகிற வரைக்கும் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். உங்களுக்கு எங்கள் பாட்டு தெரியாது. ஆனாலும் அழுதீர்கள். அது நடிப்பில்லை. அந்த ருகாயாவையும் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட ருகாயாவையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்று பட்டியலின் கடைசியில் எழுதிய உங்கள் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். ருகாயா கமீல்தீன், பக்கத்து வீடு, துக்கத்துக்கு வந்தவர். வக்கீல் அதை அடித்துவிடச் சொன்னார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

விசாரணையில் உங்களைக் கேள்வி மேல் கேள்வி கேட்பார்களாம். பயப்படாமல் பேசுங்கள். இக்சான் அண்ணனையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

அது முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். நான் எடுக்க மாட்டேன், அக்கா. இப்போது என்னால் முடியாது. நூரு எடுப்பாள். அவளோடு பேசிக்கொண்டிருங்கள், கொஞ்ச நேரம் கூடுதலாகவே பேசுங்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

கர்த்தர் உங்கள் நாவைத் திடப்படுத்தட்டும்.

சிஃபா